ஏழு செவ்வாய்க்கிழமைகள்

“காதல் கடிதத்துல வாக்காளர் பட்டியல் வரிசை எண் எதுக்கு?” என்று டீச்சர் கேட்டார்.

வேன்காரன் அப்போதுதான் காகிதத்தின் அடியைப் பார்த்தான். இருபத்து நாலு மணி நேரமாக அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தவன், அடியில் இருந்த அந்த எண்ணைக் கவனித்திருந்தால்தானே. முதல் மூன்று வரியிலேயே அவனுக்குக் கண் இருட்டிவிட்டது. பெண்டாட்டியின் கைப்பையில் கிடைத்த காகிதம் அது. அவளுடைய அழகான கையெழுத்து. முதல் பக்கத்தைக் காணோம், இரண்டாம் பக்கம் மட்டும்தான்.

‘ஆகவே எனக்கு உதவக்கூடியவர் இப்போது நீங்கள் ஒருவர்தான். இது என் கணவருக்குத் தெரிந்தால் குடும்பத்தில் பெரிய பிரச்சினை வரும். வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு நூலக மாடிக்கு வந்து மற்றதை நேரில் சொல்கிறேன். நம்பிக்கையுடன்’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கீழே வீட்டு முகவரி, வரிசை எண், அதற்கும் கீழே ‘இணைப்பு: ஏழு’.

“ஏழு என்னவா இருக்கும்?” என்று டீச்சர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

“முத்தமா இருக்குமோ என்னமோ” என்றான் நெட்டை.

நெட்டை என்பவன் டீச்சரின் தம்பி. நாற்பது வயது, வழுக்கை, வாயில் பூட்டுக் கிடையாது. டீச்சர் முப்பது வருஷம் கணக்குப் பாடம் எடுத்துவிட்டு, ஓய்வு பெற்றதும் சாவி வெட்டும் கடையின் மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். பொய் சொல்லும் பிள்ளையின் முகத்தை முப்பது வருஷம் பார்த்தவருக்கு இதைவிடப் பொருத்தமான தொழில் வேறு கிடையாது. தம்பி அவருக்கு எடுபிடி, ஓட்டுநர், தலைவலி எல்லாம்.

வேன்காரன் நெட்டையை முறைத்தான். அடித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது. ஆனால் வந்த காரியம் பெரியது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் உண்மை தெரிந்தாக வேண்டும். தெரிந்தது அவன் பயப்படுகிற உண்மைதான் என்றால் இன்று இரவு அவன் வீட்டுக்குப் போகப்போவதில்லை. அதற்கான பையும் தயாராக வேனில் இருந்தது.

“உங்க நோட்டைக் கொடுங்க” என்று டீச்சர் கை நீட்டினார்.

அந்த நோட்டு வேறு கதை. அவன் மனைவி ஒரு ஹோட்டலில் சீருடைகளுக்குப் பொறுப்பு. செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் அழுக்குச் சீருடைகளைத் தன் சின்ன நீலக் காரில் ஏற்றிக்கொண்டு போய், கடைத்தெரு தனியார் பார்க்கிங்குக்குள் இருக்கும் சலவைக் கடையில் போடுவாள். மத்தியானம் போன வாரத்துச் சீருடைகளை எடுத்து வருவாள். சொந்தக் கார் இருந்தால்தான் அந்த வேலை. ஒருநாள் பேச்சுவாக்கில் அவள், சலவைக் கடைக்காரர் எப்பப் பார்த்தாலும் விசில் அடித்துக்கொண்டே வேலை செய்கிறார், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது என்று சொல்லித் தொலைத்தாள். அவ்வளவுதான். அன்று இரவு வேன்காரனுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோரு வருஷத்தில் தன்னைப் பார்த்து ஒருநாளாவது ‘பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது’ என்று சொல்லியிருக்கிறாளா? கண்ணாடி முன் நின்று விசில் அடித்துப் பார்த்தான். காற்றுதான் வந்தது.

அடுத்த செவ்வாயிலிருந்து அவன் அவளைப் பின்தொடர ஆரம்பித்தான். காலையில் பார்க்கிங்கின் மூலையில் வேனை நிறுத்திக்கொண்டு அவள் வரக் காத்திருப்பான். அவள் மூட்டையைப் போட்டுவிட்டுக் கிளம்பியதும் பின்னாலேயே ஹோட்டல் வரை போவான். மத்தியானம் ஹோட்டல் வாசலிலிருந்து மறுபடி பின்னாலேயே பார்க்கிங் வரை வருவான். அதற்குள் மூன்று மணி ஆகிவிடும், கிடங்கில் சரக்கு ஏற்றப் போக வேண்டும். அதனால் உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு மனசே இல்லாமல் வெளியேறிவிடுவான். இதையெல்லாம் ஒரு நோட்டில் மணி, நிமிஷத்தோடு எழுதியும் வைத்திருந்தான்.

டீச்சர் விடைத்தாள் திருத்துகிற மாதிரி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு படித்தார். “பத்து பன்னிரண்டுக்கு வந்தாள். பத்து இருபத்து நாலுக்குக் கிளம்பினாள். சிரித்தாள், யாரிடம் என்று தெரியவில்லை.” ஒரு பக்கம் தள்ளினார். “ரெண்டு ஐம்பதுக்கு மறுபடி வந்தாள். புதுக் கம்மல்.” இன்னொரு பக்கம். “ஒன்பது செவ்வாய் ஆச்சு. நடுவுல ரெண்டு செவ்வாய் காலியா இருக்கே?”

ஒரு வாரம் கடைவாய்ப் பல் பிடுங்கினேன், இன்னொரு வாரம் வேனை சர்வீசுக்கு விட்டிருந்தேன் என்று அவன் சொன்னான். அந்த இரண்டு செவ்வாயும் அவன் பட்ட பாடு பல் வலியைவிடப் பெரிது.

“எவ்வளவு தூரம் விட்டுப் போவீங்க?”

இந்தக் கேள்விக்கு மட்டும் வேன்காரன் நிமிர்ந்து உட்கார்ந்தான். பத்தொன்பது வருஷமாக வேன் ஓட்டுகிறவன், தொழிலில் கெட்டிக்காரன். “தூரமா? இடையில ஒரு சைக்கிள்கூட நுழைய முடியாது. அவ பிரேக் போட்டா நானும் போடுவேன். ஒரு முழம், அவ்வளவுதான்.”

“அவங்களுக்குத் தெரியாதா?”

“பின்கண்ணாடி பூரா சீருடை தொங்கும். எங்க கம்பெனிக்கு என்னை மாதிரி சொந்த வேன் ஓட்டுறவங்க நாற்பது பேர், எல்லாமே வெள்ளை வேன். தெரிஞ்சாலும் ஏதோ ஒரு வேன்னுதான் நினைப்பா.”

“பக்கக் கண்ணாடி?”

அவன் குரல் கொஞ்சம் இறங்கியது. இடது பக்கக் கண்ணாடி மூன்று மாசமாக உடைந்து கிடக்கிறது, இளஞ்சிவப்பு ரிப்பனால் கட்டி வைத்திருக்கிறாள், நான்தான் மாற்றித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன் என்றான்.

டீச்சர் நோட்டை மூடினார். எதையோ கண்டுபிடித்துவிட்ட முகம். ஆனால் சொல்லவில்லை. பதிலை முதலிலேயே சொல்லிக்கொடுத்தால் கணக்கு மண்டையில் ஏறாது என்பது அவருடைய பழைய கொள்கை. மணி மூன்றேகால். கிளம்பலாம் என்றார்.

வேனின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நெட்டையின் காலடியில் பழுப்பு நிறப் பை இடித்தது. யார் ஊருக்குப் போகிறார்கள் என்று கேட்டான். வேன்காரன் கியர் மாற்றினான். நெட்டைக்குப் புரிந்துவிட்டது. பையை இடிக்காமல் காலை மடக்கிக்கொண்டான்.

பிறகு சலவைக் கடைக்காரரைப் பற்றிச் சொன்னான். நேற்று வேன்காரன் போனில் விஷயத்தைச் சொன்னதும், அக்கா சொன்னதால் ஒரு கால்சட்டையைத் துவைக்கக் கொடுக்கிற சாக்கில் போய்ப் பார்த்தானாம். அந்த ஆள் வாடிக்கையாளருக்கு விசில் அடிப்பதில்லை, இஸ்திரிப் பெட்டிக்குத்தான் அடிக்கிறார். என் கால்சட்டையைப் பார்த்தும் அதே விசில்தான், எனக்கே கொஞ்சம் கூச்சமாகப் போய்விட்டது என்றான் நெட்டை.

வேன்காரனுக்கு அதில் நிம்மதி வரவில்லை. சலவைக் கடைக்காரர் இல்லையென்றால் நூலக மாடிக்காரன். நாலு வாரமாக வெள்ளிக்கிழமை ஆனால் அவள் நல்ல புடவை கட்டிக்கொண்டு நூலகத்துக்குள் போகிறாள். வீட்டில் வாரப் பத்திரிகைகூடப் புரட்டாதவள். ஒருநாளாவது பின்னாலேயே உள்ளே போயிருப்பான். ஆனால் நூலகத்து வண்டி நிறுத்தத்தின் வாசலில் ஓர் இரும்புக் கம்பி, இவன் வேனின் உயரத்துக்கு அதற்குள் நுழைய முடியாது. தெருவில் நிறுத்தினால் போலீஸ். பெண்டாட்டி உள்ளே யாரோடோ பேசிக்கொண்டிருக்க, அவன் நாலு வாரமும் நூலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததுதான் மிச்சம்.

இன்று இரண்டு தெரு தள்ளி வேனை நிறுத்திவிட்டு நடந்தார்கள்.

நூலக மாடியில் குழந்தைகள் பிரிவு. சுவரெல்லாம் யானையும் முயலும். நடுவில் ஒரு மேஜை. வாசலில் காகிதத்தில் எழுதி ஒட்டியிருந்தது: ‘தொகுதி உறுப்பினர், மக்கள் குறை கேட்கும் நேரம், வெள்ளி மாலை 4 முதல் 6 வரை. முகவரியும் வாக்காளர் வரிசை எண்ணும் கட்டாயம்.’

வேன்காரன் அதை இரண்டு தடவை படித்தான்.

“இந்தத் தொகுதி ஆள்தானான்னு பார்க்கத்தான் அந்த எண்” என்றார் டீச்சர் மெதுவாக. “காதலிக்கிறவனுக்குக் கதவு இலக்கம் எல்லாம் எழுத வேண்டியதில்ல.”

டோக்கன் வாங்கிக்கொண்டு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். புத்தக அலமாரிக்குப் பின்னால் குழந்தைகளுக்கான குட்டி நாற்காலிகள்தான் காலியாக இருந்தன. மூன்று பேரும் முழங்கால் மோவாயில் இடிக்க அதில் உட்கார்ந்தார்கள். புத்தகங்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி வழியாக வேன்காரன் மேஜையைப் பார்த்தான். அவள் முதுகு தெரிந்தது. எதிரே தொகுதி உறுப்பினர். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மா, பயங்கர ஜலதோஷம், கையில் கைக்குட்டை.

“உங்க எதிரி மூக்கைச் சிந்திக்கிட்டு இருக்காங்க” என்று நெட்டை காதில் ஓதினான்.

வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த வெட்கம் அரை நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. உறுப்பினரின் உதவியாளன் ஒருவன், தாடியை ஒழுங்காக வெட்டிய இளைஞன், அவளிடம் ஒரு டம்ளர் தண்ணீரை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு சிரித்தாள். ஓஹோ, இவனா? பொறாமை பிடித்த மனசுக்கு ஆள் கிடைப்பது ஒன்றும் கஷ்டமில்லை. வேன்காரனின் கை தானாகவே பையிலிருந்த நோட்டைத் தேடியது. டீச்சர் அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்தார்.

அப்போதுதான் அவள் பேசுவது கேட்டது.

பார்க்கிங் கம்பெனியிலிருந்து இதுவரை ஏழு நோட்டீஸ் வந்திருக்கிறதாம். ஒரு மணி நேரம்தான் இலவசம், அதற்கு மேல் நின்றால் அபராதம். அவள் செவ்வாய்க்கிழமை காலையில் பன்னிரண்டு நிமிஷம் நிற்கிறாள், மத்தியானம் கால் மணி நேரம். ஆனால் நோட்டீசில் காலை பத்து பன்னிரண்டுக்கு வந்து மத்தியானம் மூன்று ஐந்து வரை ஒரே இடத்தில் நின்றதாகப் போட்டிருக்கிறது. ஏழு செவ்வாயும் அப்படியே. நாலு கடிதம் எழுதிப் பார்த்தாள், கம்பெனி மதிக்கவே இல்லை. இங்கேயும் நாலு வெள்ளிக்கிழமை தன் முறை வருவதற்குள் ஆறு மணி ஆகிவிட்டதால்தான், உறுப்பினருக்கு முன்கூட்டியே கடிதம் எழுதி அனுப்பிவிட்டு நகலைக் கைப்பையில் வைத்துக்கொண்டாளாம். திங்கட்கிழமைக்குள் தீரவில்லை என்றால் காரைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கார் போனால் வேலையும் போகும்.

“இணைப்பு ஏழு” என்று நெட்டை முணுமுணுத்தான். “முத்தம் இல்ல, நோட்டீசு.”

உறுப்பினர் தும்மி முடித்துவிட்டு, தன் முத்திரை போட்ட தாளில் எழுதியதும் கம்பெனி இரண்டே நாளில் எல்லாப் படங்களையும் அனுப்பிவிட்டது என்றார். அபராதத்தைத் தள்ளுபடி செய்ய வாய்ப்பு இருக்கிறது, ஆனால் ஒரு சிக்கல். அதைச் சொல்லும் முன் அவள் குறுக்கிட்டாள்.

“அம்மா, அபராதம் தள்ளுபடி ஆகணும்னுகூட எனக்கு இல்ல. எப்படியாவது கட்டிடுவேன். நான் அந்த அஞ்சு மணி நேரம் அங்க இல்லைன்னு எனக்கு ஒரு காகிதம் வேணும். வீட்டுல காட்டணும்.” கொஞ்சம் நிறுத்தினாள். “என் வீட்டுக்காரர் நல்லவர். ஆனா இதைப் பார்த்தா அஞ்சு மணி நேரம் யாரோட இருந்தேன்னு கேப்பார். இல்லைன்னு நான் சொன்னா நம்ப மாட்டார். படம் இருக்கேன்னு சொல்வார்.”

வேன்காரன் கேட்டிருப்பான். சத்தியமாகக் கேட்டிருப்பான். அந்த நோட்டீஸ் அவன் கையில் கிடைத்திருந்தால் அன்றைக்கே வீடு இரண்டாகியிருக்கும். பத்து இருபத்து நாலுக்கு அவள் கிளம்பியதைத் தன் கண்ணால் பார்த்தவன் அவன். ஆனாலும் அதைச் சொல்லியிருக்க மாட்டான், தான் பின்தொடர்ந்தது வெளியே வந்துவிடுமே.

உறுப்பினர் படங்களை மேஜையில் பரப்பினார். அந்தப் பார்க்கிங்கில் உள்ளே போகும் வாசலிலும் வெளியே வரும் வாசலிலும் கேமரா வண்டியின் பின்பக்க நம்பரைத்தான் படிக்கிறதாம். காலையில் இவள் உள்ளே போனது பதிவாகியிருக்கிறது. கடைசியாக மூன்று ஐந்துக்கு வெளியே வந்ததும் பதிவாகியிருக்கிறது. நடுவில் வெளியே போய்த் திரும்பி வந்தது இரண்டும் பதிவாகவில்லை.

“ஏன்னா, இதைப் பாருங்க. காலையில பத்து இருபத்து நாலு. மத்தியானம் ரெண்டு ஐம்பது. ரெண்டு நேரத்துலயும் கேமராவுல தெரியறது ஒரு பெரிய வெள்ளை வேனோட முதுகுதான். அதுக்கு முன்னாடி உங்க கார் இருந்திருந்தாலும் மறைஞ்சிருக்கும். ஏழு வாரமும் அதே வேன்.”

அலமாரிக்குப் பின்னால் டீச்சர் வேன்காரனைத் திரும்பிப் பார்த்தார்.   ஒன்பது செவ்வாயில் பல் பிடுங்கிய வாரம் நோட்டீஸ் இல்லை. வேன் சர்வீசுக்குப் போன வாரமும் நோட்டீஸ் இல்லை. இடையில் சைக்கிள்கூட நுழைய முடியாத அந்த ஒரு முழம்தான் அவள் நம்பரை மறைத்தது. அவளைக் குற்றவாளியாக்கியது எந்தச் சலவைக் கடைக்காரரும் இல்லை, எந்தத் தாடிக்காரனும் இல்லை. ஒன்பதில் இரண்டு போனால் ஏழு. அந்தச் சின்னக் கணக்கைப் போட வேன்காரனுக்கு இவ்வளவு நேரம் ஆயிற்று.

“இந்தப் படத்துல வேனுக்கு இடது பக்கம் ஏதோ இளஞ்சிவப்பா துருத்திக்கிட்டு இருக்கு” என்றார் உறுப்பினர்.

“என் கார் கண்ணாடியில கட்டின ரிப்பன்” என்றாள் அவள். படத்தைக் கையில் எடுத்தாள். கீழே தெளிவாகத் தெரிந்த வேன் நம்பரைப் படித்தாள். படித்ததும் அவள் தோள் அசையாமல் நின்றது.

“அது நீங்க வெளியே போனதுக்கு நல்ல அடையாளம்தான். ஆனா ரிப்பனை வெச்சு மட்டும் கம்பெனி ஒத்துக்காது. அதுதான் சிக்கல். அந்த வேன்காரர் ஒருத்தர்தான் சாட்சி. அவரைக் கண்டுபிடிக்க முடிஞ்சா நல்லது. உங்களுக்குத் தெரிஞ்ச வண்டியா?”

அவள் வெகுநேரம் அந்தப் படத்தையே பார்த்தாள். “தெரியாதுங்க” என்றாள்.

அவளுக்குத் தெரியும். அந்த நம்பரைத்தான் வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் தாளில் அவள் கைப்பட எழுதுகிறாள். வேலை போனாலும் பரவாயில்லை என்று, ஊர் பேர் தெரியாத ஏழெட்டுப் பேர் நடுவில் புருஷனைக் காட்டிக்கொடுக்காமல் அந்தப் பொய்யைச் சொன்னாள். வேன்காரனால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்தான். குட்டி நாற்காலியும் இடுப்போடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்தது. நெட்டை அதைப் பிடித்து இழுத்துவிட்டான், இந்த ஒரு தடவை வாயைத் திறக்காமல்.

“என் வண்டிதாங்க” என்றான் வேன்காரன்.

அவள் திரும்பினாள். ஆச்சரியம் இல்லை, கோபம்கூட இல்லை. களைப்புதான் இருந்தது, அதுதான் அவனுக்கு அதிகமாக வலித்தது. அவன் மேஜைக்கு வந்து நோட்டை வைத்தான். ஏழு வாரமும் அவள் வந்த நேரம், போன நேரம், எல்லாம் இதில் இருக்கிறது, அந்த அஞ்சு மணி நேரம் அவள் அங்கே இல்லை, எனக்குத் தெரியும் என்று சொன்னான். 

உறுப்பினர் நோட்டைப் புரட்டினார். கம்மலைப் பற்றி எழுதிய பக்கத்தில் சற்று நின்றுவிட்டு, நாகரிகமாக அடுத்த பக்கத்துக்குப் போனார். நேரங்களைப் படத்தோடு ஒப்பிட்டார். ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. இது போதும், திங்கட்கிழமை காலையிலேயே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிடும், காரை யாரும் தொட மாட்டார்கள் என்றார். தாடிக்காரன் ஒரு படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினான். சாட்சியின் பெயர், தொழில், வண்டி எண். அதற்குக் கீழே ஒரு கட்டம்: ‘மேற்படி இடத்தில் இருந்த காரணம்’.

வேன்காரன் பேனாவை வைத்துக்கொண்டு நின்றான். சரக்கு இறக்கப் போனேன் என்று எழுதலாம். யாரும் கேட்கப்போவதில்லை. அவள் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘என் மனைவி மேல் சந்தேகப்பட்டுப் பின்னால் போனேன். ஒன்பது வாரமாக. அவள் மேல் எந்தத் தப்பும் இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

“எனக்கு இதுல ஒரு நகல் வேணும்” என்றாள் அவள்.

“வீட்டுல காட்டத்தானே? இனிமே எதுக்கும்மா?” என்றார் உறுப்பினர். “அதான் அவரே வந்துட்டாரே.”

“இவர்கிட்ட காட்டத்தாங்க. அடுத்த தடவை சந்தேகம் வரும்போது.”

தாடிக்காரன் நகல் எடுத்துக் கொடுத்தான். அவள் அதை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். பிறகு மேஜையிலிருந்த நோட்டையும் எடுத்துக்கொண்டாள். வேன்காரன் தயங்கித் தயங்கி, வீட்டுக்குப் போகலாமா என்று கேட்டான். கார் கண்ணாடியை இன்றைக்கே மாற்றிவிடுகிறேன் என்றான்.

தினமும் முந்நூறு சட்டை எண்ணுகிறவள் அவள். வீட்டு அலமாரியில் இருக்கும் சட்டைகளின் கணக்கா தெரியாமல் போகும்?

“காலையில பார்த்தேன், உங்க சட்டை நாலு காணோம், பழுப்புப் பையையும் காணோம்” என்றாள். “அந்தப் பையை இன்னும் பிரிக்க வேண்டாம். இந்த நோட்டை முழுசா படிச்சு முடிச்சுட்டு, பிரிக்கலாமா வேண்டாமான்னு நான் சொல்றேன்.”